இடது ஓரத்தில் இருப்பவர்

சமநிலை ஆணையத்துக்கு எதிரே பதினேழு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆணையத்துக்குள் போகிற ஒவ்வொரு மனுவும் என் மெஷினில் ஒரு முறை குப்புறப் படுத்துவிட்டுத்தான் போகும். அதனால் எனக்குச் சட்டம் தெரியும் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்புதான் எங்கள் வீட்டு மாப்பிள்ளையைக் குழியில் தள்ளியது. இந்தக் கதையில் நிறையப் பேரைத் திட்டப் போகிறேன். அதற்கு முன்னால் என்னைத் திட்டிக்கொள்வதுதான் மரியாதை.

ஆணையத்தின் முழுப் பெயர் ‘பத்திரிகைச் சுதந்திரம் மற்றும் தனிமனித உரிமைச் சமநிலை ஆணையம்’. இவ்வளவு நீளப் பெயர் முகப்பில் அடங்கவில்லை என்று கட்டடத்தின் மூலையைச் சுற்றித் திருப்பி எழுதிவிட்டார்கள். வாசலுக்கு வருகிறவன் கண்ணில் ‘பத்திரிகைச் சுதந்திரம்’ படும். ‘தனிமனித உரிமை’ சந்துப் பக்கம், குப்பைத்தொட்டிக்கு மேலே இருக்கிறது.

மாப்பிள்ளை என்றால் என் தங்கை புருஷன். ஃபிரிட்ஜ் மெக்கானிக். நூற்று நாற்பது வீடுகள் இருக்கிற ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பன்னிரண்டு வருஷமாக அவர்தான் ஆஸ்தான வைத்தியர். எந்த வீட்டு ஃபிரிட்ஜ் எப்போது முனகும் என்று அந்த வீட்டுக்காரர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போன வீடுகள் உண்டு. மனுஷன் வாயைத் திறந்தால் இரண்டு வார்த்தைக்கு மேல் வராது. அதில் ஒன்று ‘சரி’.

அந்த மாசம் மூன்றாம் தேதி போலீஸ் ஸ்டேஷனில் ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். போனார், சரி செய்தார், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அதே நேரம் வீடு புகுந்து நகை திருடின ஒருவனைப் பிடித்து வந்திருந்தார்கள். நாளிதழ் ஒன்றின் புகைப்படக்காரர் இன்ஸ்பெக்டரையும் திருடனையும் நிற்க வைத்துப் பார்த்துவிட்டு, “ஒரு பக்கம் காலியா இருக்கு சார், ஃபிரேம் நிக்கல” என்றாராம். இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். “யோவ் மெக்கானிக், நீ வந்து நில்லுய்யா.”

மாப்பிள்ளை ‘சரி’ என்று நின்றார்.

படத்தில் இடது ஓரம் திருடன், நடுவில் இன்ஸ்பெக்டர், வலது ஓரம் மாப்பிள்ளை. நிருபர் ஒழுங்காகத்தான் எழுதி அனுப்பினார்: ‘இடது ஓரத்தில் இருப்பவர் கொள்ளையன்.’ ஆனால் பத்திரிகைகளில் பக்கம் கட்டுகிறவர்களுக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. படத்தில் இருக்கிறவரின் முகம் பக்கத்துக்கு உள்ளே பார்க்க வேண்டும், வெளியே பார்க்கக் கூடாது. இன்ஸ்பெக்டர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கம் கட்டுகிறவர் ஒரு பொத்தானைத் தட்டிப் படத்தை இட வலமாகத் திருப்பிவிட்டார். இன்ஸ்பெக்டர் உள்ளே பார்த்தார். மாப்பிள்ளை இடது ஓரத்துக்குப் போய்விட்டார்.

திருடன் தேய்த்த சட்டையில் பளிச்சென்று நிற்கிறான். மாப்பிள்ளை சட்டையெல்லாம் கிரீஸ், கையில் ஸ்குரூடிரைவர் துருத்திக்கொண்டிருக்கும் பை. யாரைக் கேட்டாலும் அவரைத்தான் கைகாட்டுவார்கள். எனக்கே ஒரு விநாடி சந்தேகம் தட்டியது.

நான்காம் தேதி காலை குடியிருப்பு வாசலில் காவலாளி அவரை நிறுத்தி, கேட் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார். சங்கச் செயலாளர் இறங்கி வந்தார். நல்ல மனுஷர்தான், அதுதான் கஷ்டமே.

“நீங்க அப்படி இல்லைன்னு எனக்குத் தெரியாதா? எங்க வீட்டுச் சாவியே உங்ககிட்ட இருந்திருக்கு. ஆனா பேப்பர்ல போட்டுட்டானே! நூத்தி நாப்பது வீட்டுக்கு நான் பதில் சொல்லணும். பேப்பர்ல ரெண்டு வரி திருத்தம் போடச் சொல்லுங்க. அன்னிக்கே கேட் பாஸைத் திருப்பித் தந்துடறேன். மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன், அதுக்கப்புறம் வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க.”

இரண்டு வரி. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

நானும் அவரும் நாளிதழ் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே வாசகர் குறைதீர்ப்பு ஆசிரியர் என்று ஒருவர் இருந்தார். படத்தைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், தண்ணீர் கொடுத்தார்.

“சார், படத்துல பின்னாடி இருக்கற கடிகாரத்தைப் பாருங்க,” என்றேன். “பன்னிரண்டுக்கு இடது பக்கம் ஒண்ணு இருக்கு. உலகத்துல அப்படிக் கடிகாரம் உண்டா? படத்தைத் திருப்பிட்டீங்க.”

அவர் உற்றுப் பார்த்தார். “உண்மைதான். ஆனா கடிகாரம் புகார் கொடுக்கலையே.”

“இவர் கொடுக்கறாரே!”

“தாராளமா. ஆனா நாங்களா திருத்தம் போட்டா தப்பு பண்ணினதா ஆயிடும். தப்பே பண்ணாத பத்திரிகைன்னு ஒரு சுதந்திரம் எங்களுக்கு இருக்கு. சமநிலை ஆணையம் உத்தரவு போடட்டும், மறுநாளே போட்டுடறோம். அதுதான் சட்டப்படி.”

சட்டப்படி என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வெளியே வந்து மாப்பிள்ளை தோளைத் தட்டினேன். “கவலைய விடுங்க மாப்ளே. ஆணையம் நம்ம கடைக்கு எதிர்லதான். அங்க எந்த நாற்காலி ஆடும், எது ஆடாதுன்னு எனக்குத் தெரியும்.”

“சரி மச்சான்,” என்றார்.

ஆணையத்தின் பதிவாளர் எங்கள் மனுவைக் கையில் வாங்கி, உள்ளங்கையில் ஏந்தி எடை பார்த்தார். ஒரே பக்கம். முகத்தைச் சுளித்தார். “பத்திரிகைத் தரப்பு முன்கூட்டியே பதில் கொடுத்துட்டாங்க. முந்நூத்துப் பன்னிரண்டு பக்கம். ரெண்டு கோப்பும் ஒரே கனமா இருக்கணும். இல்லைன்னா ஆணையம் ஒரு பக்கம் சாய்ஞ்சுட்டதா ஆயிடும்.”

“எங்க விஷயம் ஒரு பக்கத்துல முடிஞ்சு போச்சே சார்.”

“உண்மையைச் சுருக்கமாச் சொல்றவங்களுக்கு இந்தக் கஷ்டம் எப்பவும் உண்டு,” என்றார் பதிவாளர், நிஜமான பரிவோடு.

முந்நூற்றுப் பதினோரு பக்கத்துக்கு எங்கே போவது? மாப்பிள்ளை பையில் ஃபிரிட்ஜ் கம்பெனிகளின் கையேடுகள் இருந்தன. ஜெராக்ஸ் போட்டுச் சேர்த்துவிட்டேன். இரண்டு கட்டையும் அருகருகே வைத்து, மேலே ஸ்கேலை வைத்து, அதன் மேல் ஒரு கோலிக்குண்டை வைத்துப் பார்த்தார் பதிவாளர். குண்டு உருளவில்லை. “இப்பதான் நியாயம்,” என்றார்.

அடுத்து பொது அறிவிப்பு. மனு என்றால் பகிரங்கமாக இருக்க வேண்டும், மூடுமந்திரம் பத்திரிகைச் சுதந்திரத்துக்கு ஆகாது. ஆகவே புகாருக்கு உள்ளான படத்தை அதே நாளிதழில், அதே பக்கத்தில், அதே அளவில் மூன்று நாள் வெளியிட்டு, பொதுமக்களின் ஆட்சேபணை கேட்க வேண்டுமாம். முதல் தடவை கவனிக்காதவர்கள்கூட இந்த மூன்று நாளில் கவனித்துவிட்டார்கள். தலைப்பு வேறு: ‘தான் கொள்ளையன் அல்ல என்கிறார் இடது ஓரத்தில் இருப்பவர்.’

நாற்பத்தொரு ஆட்சேபணை வந்தது. ஒருவர் இவரைப் பேருந்தில் பார்த்ததாகவும் அப்போதே முழி சரியில்லை என்றும் எழுதியிருந்தார். ஓர் அம்மா தன் வீட்டு ஃபிரிட்ஜை இவர் பார்த்த பிறகு ஐஸ் அதிகமாகக் கட்டுவதாக எழுதியிருந்தார். எல்லாவற்றையும் கோப்பில் சேர்த்தார்கள். கனம் கூடிப்போனதால் பத்திரிகைத் தரப்புக்கும் நாற்பத்தொரு பக்கம் சேர்க்க அவகாசம் தரப்பட்டது.

பதினெட்டாம் தேதி முதல் விசாரணை. ஆணையத் தலைவர் நடுவில் உட்கார்ந்தார். நடு என்றால் சும்மா நடு இல்லை. சுவருக்குச் சுவர் டேப் பிடித்து அளந்து, தரையில் கோடு போட்டு நாற்காலி வைத்திருக்கிறார்கள். பத்திரிகையின் வக்கீல் எழுந்தார்.

“மாண்புமிகு தலைவர் அவர்களே, மனுதாரர் தாக்கல் செய்த நூற்றெண்பத்தேழாம் பக்கத்தில், ‘உருகும் நீர் பின்புறக் குழாய் வழியே வெளியேறும்’ என்று உள்ளது. இதில் எங்கள் பத்திரிகை மீது மறைமுகமான குற்றச்சாட்டு ஏதும் இருக்கிறதா என்று ஆராய ஒரு வாரம் அவகாசம் வேண்டும்.”

கொடுத்தார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் போட்ட கையை வெட்டிப் போடலாமா என்று இருந்தது.

அந்த ஒரு வாரத்தில் குடியிருப்பிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. நாலாவது மாடியில் ஒரு ஃபிரிட்ஜ் நின்றுவிட்டதாம், எப்போது வருவீர்கள் என்று கேட்டார்கள். வரலாமா என்று இவர் கேட்டார். “ஐயோ, வந்துடாதீங்க, திருத்தம் வரட்டும்” என்றார்கள். மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்தபடியே போனில் எந்தத் திருகாணியைத் திருக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். என் தங்கை அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இருபத்தைந்தாம் தேதி இரண்டாவது விசாரணை. இந்த முறை மூன்றாவதாக ஒரு வக்கீல் கருப்புக் கோட்டு சரசரக்க உள்ளே வந்தார். திருடனுடைய வக்கீல்!

“எந்தத் திருத்தமும் வெளியிடக் கூடாது என்று ஆட்சேபிக்கிறேன்,” என்றார். “படத்தில் இருப்பவர்கள் மூன்று பேர். இடது ஓரத்தில் இருப்பவர் கொள்ளையன் அல்ல என்று போட்டால் மிச்சம் இருவர். அதில் ஒருவர் காவல்துறை அதிகாரி. அப்படியானால் யார் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். என் கட்சிக்காரர் மீது குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. அவரை அடையாளம் காட்டுவது அவருடைய தனிமனித உரிமையை மீறுவதாகும்.”

தலைவர் முகம் மலர்ந்தது. பதினோரு வருஷப் பதவிக் காலத்தில் இப்படி ஒரு சமநிலை அவருக்கு வாய்த்ததே இல்லை போல.

“அருமை!” என்றார். “பத்திரிகைச் சுதந்திரம் நமக்கு ஒரு கண். தனிமனித உரிமை இன்னொரு கண். ஒரு கண்ணைத் திறந்து இன்னொன்றை மூடினால் அது ஓரவஞ்சனை. எனவேதான் இந்த ஆணையம் எப்போதும் இரண்டு கண்ணையும் சமமாக மூடிக்கொண்டே தீர்ப்பளித்து வந்திருக்கிறது.”

அப்போது நடந்ததுதான் அதிசயம். மாப்பிள்ளை எழுந்து நின்றார். பேசினார்.

“ஐயா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தப் படத்துல திருடன் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?”

“நான் படத்தைப் பார்க்கவில்லை,” என்றார் தலைவர் பெருமையாக. “பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவேன்.”

“இன்ஸ்பெக்டர் ஐயாவையாவது கேளுங்களேன். அவர் நடுவுலதானே நிக்கறார்.”

இன்ஸ்பெக்டரைக் கேட்டு ஏற்கெனவே கடிதம் போயிருந்தது. விசாரணையில் இருக்கும் வழக்கு பற்றி ஊடகம் சம்பந்தப்பட்ட எந்த அமைப்பிடமும் கருத்துச் சொல்வதற்கில்லை என்று பதில் வந்திருந்தது. கடைசியில் ஆணையமே திருத்தத்துக்கு ஒரு வாசகம் தயாரித்தது: ‘படத்திலுள்ள மூவரில் ஒருவர் கொள்ளையன். எவர் என்பது குறித்து யாருக்கும் கருத்தில்லை.’ மூன்றில் ஒரு பங்கு தன் மேலும் விழுகிறதே என்று இன்ஸ்பெக்டர் ஒரு மணி நேரத்தில் ஆட்சேபணை அனுப்பிவிட்டார். வாசகம் கைவிடப்பட்டது. கருத்துச் சொல்வதற்கில்லை என்ற மனுஷன் அதற்கு மட்டும் எப்படிச் சொன்னார் என்று கேட்க ஆளில்லை.

விசாரணை முடிந்ததும் பதிவாளர் எங்களைத் தன் மேஜைக்கு அழைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

“உங்களைப் பாத்தா பாவமா இருக்கு. ஏன் இப்படி அலையறீங்க? அந்த வக்கீலோட கட்சிக்காரருக்கு ரெண்டே நாள்ல வேலை முடிஞ்சுது தெரியுமா? எல்லாப் படத்துலயும் முகத்துல கறுப்புக் கட்டம் போட்டாச்சு. குற்றம் நிரூபிக்கப்படலை, இவருக்கு யாரும் வேலை மறுக்கக் கூடாதுன்னு சான்றிதழும் கொடுத்தாச்சு.”

“அதே சான்றிதழை எனக்குக் கொடுங்க சார்,” என்றார் மாப்பிள்ளை. “எனக்கும்தான் நிரூபிக்கப்படலை.”

“உங்க மேல குற்றமே சாட்டப்படலையேங்க! சாட்டாத குற்றத்தை நிரூபிக்கப்படலைன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? குற்றம் சாட்டப்பட்டவங்களுக்குச் சட்டம் இருக்கு. பத்திரிகைக்குச் சட்டம் இருக்கு. ஒண்ணுமே பண்ணாதவங்களுக்குன்னு எங்ககிட்ட ஒண்ணும் இல்லை. யாரும் இதுவரைக்கும் கேக்கலை.”

பிறகு இழுப்பறையிலிருந்து நான்காம் எண் படிவத்தை எடுத்தார். ஒரே பக்கம். அதிசயமாக அதற்குக் கனம் தேவையில்லை. ‘மேற்படி படத்தில் இடது ஓரத்தில் இருப்பவனும், மேற்படி குற்றம் சாட்டப்பட்டவனும் நானே. எனது அடையாளத்தைப் பாதுகாக்க வேண்டுகிறேன்.’

“இதுல போட்டீங்கன்னா நாளைக்கே சான்றிதழ். அதைக் காட்டினா எந்தச் சங்கமும் கேட் பாஸை நிறுத்த முடியாது. நிறுத்தினா அவங்க உள்ள போகணும்.”

அன்று சாயங்காலம் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோனோம். மாப்பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மச்சான், இது நான்தான் திருடன்னு சொல்ற மாதிரி இல்ல?”

“குற்றம் சாட்டப்பட்டவன்னுதானே இருக்கு, திருடன்னு இல்லையே. ஊரே உங்களைச் சாட்டுது. இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்.”

என் தங்கை அடுப்படியிலிருந்து வந்தாள். “செய்யாததுக்கு எதுக்குண்ணா கையெழுத்து? பாஸ் போனாப் போகட்டும். வேற எங்கயாவது போய் வேலை பாக்கட்டும்.”

“வேற எங்க? நாலு நாள் படம் வந்திருக்கு, எந்த வீட்டுல கதவைத் திறப்பான்? உனக்குச் சட்டம் தெரியாது, நீ சும்மா இரு.”

சும்மா இரு என்று சொன்னேன். அந்த வார்த்தையை இப்போது திரும்ப எடுத்து விழுங்கினாலும் தொண்டையில் இறங்காது.

மாப்பிள்ளை அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் பேனாவை மூடி கழற்றிக் கொடுத்தேன். ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டார்.

பதிவாளர் சொன்ன சொல் தவறவில்லை. இருபத்தேழாம் தேதி சான்றிதழ் கைக்கு வந்தது. செயலாளர் அதைப் படித்துப் பார்த்து வியர்த்துப் போய், “சட்டம்னா சட்டம்தான். கமிட்டி கையெழுத்து வாங்கி முப்பதாம் தேதி காலைல பாஸை வீட்டுக்கே அனுப்பிடறேன்” என்றார். அன்றைக்கு நாங்கள் சிரித்தோம். மாப்பிள்ளை கருவிகளையெல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தார்.

ஆணையத்தின் உத்தரவுக்கு அடியில் ‘நகல்’ என்று ஒரு வரி இருக்கும். ஆயிரம் உத்தரவு ஜெராக்ஸ் போட்டவன், அந்த வரியைப் படிக்காமல் விட்டேன். நகல் ஒன்று: காவல் நிலையம். நகல் இரண்டு: எதிர்த்தரப்பு வக்கீல்கள்.

திருடனுடைய வக்கீல் தனக்கு வந்த நகலை எடுத்துக்கொண்டு நேரே நீதிமன்றத்துக்குப் போனார். குற்றம் சாட்டப்பட்டவன் நானே என்று வேறொருவர் ஓர் ஆணையத்தின் முன் எழுதிக் கொடுத்திருக்கிறார், ஆணையமும் ஏற்று உத்தரவிட்டிருக்கிறது, என் கட்சிக்காரரை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இருபத்தொன்பதாம் தேதி மத்தியானம் அவன் வெளியே வந்துவிட்டான். முகத்தை எங்கும் போடக் கூடாது என்ற உத்தரவு அவனுக்கு இன்னும் அமலில் இருக்கிறது. அதனால் அவன் எப்படி இருப்பான் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

முப்பதாம் தேதி காலை வீட்டு வாசலில் ஜீப் நின்றது. இன்ஸ்பெக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

“எனக்குத் தெரியும்யா நீ இல்லைன்னு. உன்னைக் கூப்பிட்டு நிக்க வெச்சதே நான்தான். ஆனா கோப்புல ஒரு ஆள் வேணும். அவன் இல்லைன்னு கோர்ட்டு சொல்லிடுச்சு. நான்தான்னு நீ எழுதிக் கொடுத்திருக்கே. நான் என்னதான் பண்ண?”

“நிஜத்தைச் சொல்லுங்க சார்!” என்று கத்தினேன்.

“விசாரணையில இருக்கற வழக்கு. கருத்துச் சொல்றதுக்கில்லை,” என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

மாப்பிள்ளை சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை தேய்த்த சட்டை. ஜீப் தெரு முனை திரும்பின கையோடு குடியிருப்புக் காவலாளி சைக்கிளில் வந்து என் தங்கையிடம் ஓர் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே கேட் பாஸ். அதில் ஒட்டியிருந்த மாப்பிள்ளையின் படத்தில் முகத்துக்கு மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. செயலாளர் சட்டத்துக்குப் பயந்த மனுஷர்.

மறுநாள் ஸ்டேஷனுக்கு நானும் தங்கையும் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனோம். கம்பிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். தங்கை பாஸை நீட்டினாள். டேப்பைத் தடவிப் பார்த்துவிட்டு அவளிடமே கொடுத்தார். “நாலாவது மாடிக்கு போன் பண்ணி, ராத்திரி பூரா அணைச்சு வெக்கச் சொல்லு. ஐஸ் தானா இறங்கிடும்” என்றார்.

அன்றைய நாளிதழை நான் கையில் வைத்திருந்தேன். காட்டலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அவராகவே கேட்டார். “வந்துடுச்சா மச்சான்?”

வந்திருந்தது. இரண்டே வரி. அவர் கேட்ட அதே அளவு. தங்கையே வாங்கிப் படித்தாள்: ‘நான்காம் தேதி வெளியான படத்தில் இடது ஓரத்தில் இருப்பவர் குறித்த எமது செய்தி சரியானதே. வாசகர்களுக்கு நேர்ந்த குழப்பத்துக்குச் சம்பந்தப்பட்டவர் வருந்துகிறார்.’

அவள் பேப்பரை மடித்தாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாமல், “மாப்ளே, ஏழாம் நம்பர் படிவம்னு ஒண்ணு இருக்கு. நாலாம் நம்பரை வாபஸ் வாங்கிக்கறதுக்கு. சட்டப்படி...” என்று ஆரம்பித்தேன்.

மாப்பிள்ளை முதல் தடவையாக என் பேச்சைக் குறுக்கே நிறுத்தினார். கோபமாகக்கூட இல்லை. கெஞ்சுகிற குரல்.

“வேணாம் மச்சான். அதுக்கும் போட்டோ கேப்பாங்க.”